செவ்வாய்க்கிழமைக் காசு

சண்டை முடிந்து, இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து 2010இல் கிளிநொச்சிக்குத் திரும்பியபோது எங்கள் வளவில் கிணறும் இரண்டு தென்னையும்தான் மிச்சம். நாங்கள் தறப்பாள் கொட்டிலை விட்டு வெளியே வருவதற்குள் ஏ9 வீதியோரம் வங்கிகளும் லீசிங் கடைகளும் வரிசையாக வந்துவிட்டன.

2013இல் வீட்டுத்திட்டம், அதாவது வீடு கட்ட உதவிக்காசு, கிடைத்தது. 550,000 ரூபாய், கட்டங்கட்டமாக. ஊரே ஒன்றாகக் கட்டியதில் மணலும் மேசன் கூலியும் ஏறி, கூரை மட்டத்தில் காசு முடிந்துவிட்டது. கணவரை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. நகையெல்லாம் சண்டை நேரத்திலேயே அரிசிக்குப் போய்விட்டது. அடைவு வைக்க என்ன இருக்கிறது? அப்போதுதான் ஒரு நுண்கடன் நிறுவனத்து ஆள் வந்து, "ஐந்து பேர் குழுவாகச் சேருங்கோ அக்கா, பிணை ஒன்றும் வேண்டாம்" என்றார்.

40,000 ரூபாய். கிழமைக்கு 960 வீதம் 52 கிழமை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டவேண்டும். அதாவது, நாங்களேதான் பிணை.

செவ்வாய்க்கிழமை காலை வேப்பமரத்தடியில் பாய் விரித்து இருப்போம். ஒருநாள் ஒருத்தி வரவில்லை. காசு வரும்வரை யாரும் எழும்ப வேண்டாம் என்றார் அந்த ஆள். மதியம் தாண்டியது. என் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். நானே அவளைத் தேடிப் போனேன்.

வீட்டுக்குப் பின்னால், விறகுக் குவியலுக்குள் குந்தியிருந்தாள். மடியில் சின்னவன். அவன் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். பங்கருக்குள் பிள்ளைகளை அப்படித்தான் பொத்தி வைத்திருந்தோம். முகாமில் தண்ணீர் வரிசையில் என் குடத்துக்கும் இடம் பிடித்துத் தந்தவள் அவள். அப்படியிருந்தும் நான் காசைத்தான் கேட்டேன். முட்டை விற்ற 400 ரூபாயைச் சில்லறையாக எண்ணித் தந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் கதைக்கவில்லை.

2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் நிலுவை வைத்திருந்த 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. என்னுடையது அதில் வரவில்லை. இன்னொரு கடன் எடுத்து அதை எப்போதோ அடைத்திருந்தேன்.

இப்போது ஊரிலுள்ள சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறேன். சேமிப்பும் எங்களுடையது, வட்டி எவ்வளவு என்பதையும் நாங்களே கூடிக் கதைத்து முடிவெடுக்கிறோம். போன வருடம் அவள் கோழிக்கூடு போடக் கடன் கேட்டாள். பிணைக் கையெழுத்து நான்தான் போட்டேன்.