கிறீன் பாத்தில் ஒரு பம்பர் யானை

நடைக்காரன்:
அமெரிக்காவில், கொலராடோவில் கிராண்ட் ஜங்ஷன் என்று ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். அங்கே 1984 முதல் சிற்பிகளிடம் ஒரு வருடத்துக்கு இரவலாகச் சிற்பங்களை வாங்கிக் கடைத்தெரு நடைபாதையில் வைக்கிறார்கள். வருடம் முடியப் பழையது போகும், புதியது வரும், பிடித்தவர் விலைக்கும் வாங்கலாம். பழைய கார்களின் குரோம் பம்பர்களால் செய்த காட்டெருமை ஒன்று அங்கேயே தங்கிவிட்டது. எங்கள் கொழும்பில், பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அத்தனை பம்பர் குவிந்து கிடக்கிறதே, கம்பஸ் பக்கம் கிறீன் பாத்தில், அதுதான் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், அப்படி ஒரு யானை நின்றால் என்ன?

கொட்டாஞ்சேனை13:
ஒரு கிழமையில் அந்த யானை துண்டு துண்டாகப் பஞ்சிகாவத்தைக்கே திரும்பிப் போயிருக்கும். புதிய களனிப் பாலத்தின் ஆணிகளையே கழற்றிக்கொண்டு போன ஊர் அண்ணை இது. எங்கள் லேனில் மழைக்கு முழங்கால் தண்ணீர், முதலில் அதைப் பார்க்கட்டும்.

நடைக்காரன்:
தம்பி, தலைவர்மாருக்குச் சிலை வைக்கும்போது யாரும் உங்கள் லேனை நினைக்கவில்லையே. போன ஞாயிறு நூதனசாலைக்கு முன்னால் நின்றேன். 1877இல் அதைத் திறந்த ஆளுநர் கிரெகரி பீடத்தின் மேல் நிற்கிறார், கீழே ஒரு பிள்ளை எம்பி எம்பிப் பார்க்கிறது, காலைத் தொடக்கூட எட்டவில்லை. இவர் யார் என்று கேட்டது, தாய் பதில் சொல்லாமல் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டா.

வெள்ளவத்தை அக்கா:
யானை மட்டும் வேண்டாம், அது யூஎன்பியின், பச்சை நிற ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம். வைத்த அன்றைக்கே பச்சைக்காரரின் வேலை என்பார்கள். இங்கே சிலை என்றால் எல்லாருக்கும் அது ஒரு ஆள்தான். 2022 மே மாதம் தங்காலையில் மகிந்த, கோட்டாபய சகோதரர்களின் தகப்பன் டி.ஏ. ராஜபக்சவின் சிலையை இழுத்து விழுத்தினார்களே, அந்தக் கோபம் வெண்கலத்தின் மேலா?

நடைக்காரன்:
அப்ப காகம் வைப்போம் அக்கா. கொழும்பில் அதைவிடப் பொதுவான ஆள் யார்?

வெல்டர்:
தொழில்காரனாகச் சொல்கிறேன். கடல் காற்றில் உப்பு, குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உள்ளே இரும்பு கறள் பிடித்துப் பூச்சை உரித்துவிடும். 316 என்கிற உப்புத் தாங்கும் ரக ஸ்டெயின்லஸ் ஸ்டீல் என்றால் நிற்கும், ஆனால் விலை கேட்டால் தலை சுற்றும். நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு வருடம் மட்டும் நிற்கிறதென்றால் பம்பரே போதும். ஆனால் சிற்பியின் சாமானும் உழைப்பும் ஒரு வருடம் வெயிலில் கிடக்கும், விற்காவிட்டால் அவர் எப்படிச் சாப்பிடுவார்? இரவல் என்பது நகரத்துக்குத்தான் இலாபம்.

நடைக்காரன்:
அது நியாயம். வாடகை மாதிரி ஒரு தொகை கொடுக்கத்தான் வேண்டும். 1993 முதல் அதே ரோட்டில் கலா பொல என்ற கலைச் சந்தை நடக்கிறது, அங்கே வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் சந்தை முடிய எல்லாவற்றையும் வேனில் ஏற்றாமல் ஐந்தாறை மட்டும் விட்டுப் போகச் சொல்லலாமே.

கொட்டாஞ்சேனை13:
வேனில் ஏற்றாவிட்டால் வேறு யாராவது ஏற்றுவார்கள். சரி, காகம் என்றால் பார்க்கலாம், வெல்டர் அண்ணை, அலகை மட்டும் நன்றாக ஒட்டுங்கோ. அதைத்தான் முதலில் கழற்றுவார்கள்.