மொஹிட்டோ கலவையில் லைம் நிற்கவே மாட்டேன் என்கிறது, யோசனை சொல்லுங்கள்

வீட்டிலேயே இ-லிக்விட் (இ-சிகரெட்டில் ஊற்றும் திரவம்) கலப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். காக்டெயில் சுவைகளில் எனக்குப் பிடித்தது மொஹிட்டோ. நிகோடின் சேர்ப்பதில்லை. அடிப்படைத் திரவம் விஜி (வெஜிடபிள் கிளிசரின்) 70, பிஜி (புரோபிலீன் கிளைக்கால்) 30. ஃபிளேவர் மொத்தம் 7 சதவீதம்: லைம் 4, ரம் 1.5, பெப்பர்மின்ட் 1, மிச்சம் இனிப்புக்கு எத்தில் மால்ட்டால். எல்லாவற்றையும் தராசில் எடை பார்த்துத்தான் ஊற்றுகிறேன்.

கலந்த அன்று பிரமாதம். ஒரு வாரம் மூடி வைத்துத் திறந்தால் லைம் மங்கி, புதினா மட்டும் முன்னால் வந்து நின்று பற்பசை மாதிரி ஆகிவிடுகிறது. சரி, லைமைக் கூட்டலாம் என்றால் தொண்டையில் கீறுகிறது.

பெப்பர்மின்ட்டை எடுத்துவிட்டு ஸ்பியர்மின்ட் போடலாமா? நிஜ மொஹிட்டோவில் அதுதானே வழக்கம். குளிர்ச்சிக்கு மட்டும் துளி டபிள்யூஎஸ்-23 (மணமில்லாத குளிர்ச்சிப் பொருள்) போதுமா? சுவையை அமுக்குவது எத்தில் மால்ட்டாலா என்றும் ஒரு சந்தேகம்.

எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, எசன்ஷியல் ஆயில் சேர்க்கச் சொல்லாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து, சர்க்கரை காயிலை (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) கருக்கிவிடும். சிட்ரஸ் சில பிளாஸ்டிக் டேங்குகளை விரிசல் விடச் செய்யும் என்பதால் கண்ணாடி டேங்க்தான் வைத்திருக்கிறேன்.

அப்புறம், அடுத்தது பீனா கொலாடா. டையசெட்டில் (வெண்ணெய் மணம் தரும், சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதலான பொருள்) இல்லாத, ஆனால் சவசவவென்று இல்லாத தேங்காய் கிரீம் ஃபிளேவர் எது? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சதவீதத்தோடு சொன்னால் நல்லது.