மறு: ‘கிரால்’, ‘இன்டெக்ஸ்’ இரண்டுக்கும் இரண்டு சொற்கள் வேண்டும் – ஊர்தல், அடைவேற்றம்

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

வலைத்தளம் தொடங்குவோர்க்கான கையேட்டின் தேடுபொறி இயல் பற்றிச் சென்ற மடலில் வந்த கருத்து இது:

> கிரால், இன்டெக்ஸ் என்று பிரித்துச் சொன்னால் புதியவர்கள் குழம்புவார்கள். இரண்டையும் சேர்த்துத் ‘தேடலில் சேர்த்தல்’ என்றே எழுதிவிடலாம்.

கிரால் என்பது தேடுபொறியின் நிரல் வலைப்பக்கங்களுக்கு வந்து படிப்பது; இன்டெக்ஸ் என்பது படித்ததைத் தேடுபொறி தன் பட்டியலில் சேர்ப்பது. எளிமை கருதிச் சொல்லப்பட்டது என்பது புரிகிறது. ஆயினும் இதை என்னால் ஏற்க இயலவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியதன் விளைவை நானே பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சிற்றூர் நூலகம் ஒன்றின் வலைத்தளத்தைப் பராமரித்தவருக்காகத் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். காலாவதியான அறிவிப்புப் பக்கங்கள் கூகுள் முடிவுகளில் வரக்கூடாது என்பது அவர் தேவை. பக்கத்தின் தலைப்பகுதியில் ‘நோஇன்டெக்ஸ்’ (பட்டியலில் சேர்க்காதே) கட்டளையை இடுவது, தேடுபொறி நிரல்கள் எங்கே வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) அந்தப் பக்கங்களின் பாதையை அடைப்பது ஆகிய இரண்டு வழிகளையும் விளக்கிவிட்டு, இரண்டுக்கும் ‘தேடுபொறியைத் தடைசெய்தல்’ என்றே பெயரிட்டிருந்தேன். ஒன்றுக்கு இரண்டாகச் செய்தால் உறுதியாக இருக்கும் என்று நினைத்து அவர் இரண்டையும் செய்தார். மாதங்கள் கடந்தும் அந்த முகவரிகள் முடிவுகளில் வந்துகொண்டே இருந்தன. விளக்க வரி இருக்கவேண்டிய இடத்தில், இந்தப் பக்கத்தைப் பற்றிய தகவல் இல்லை என்ற குறிப்பு மட்டும் இருந்தது.

காரணம் இதுதான். ரோபாட்ஸ் கோப்பு, பக்கத்தைப் படிக்க வரும் நிரலைத்தான் வாசலில் நிறுத்துகிறது. பட்டியலில் சேர்க்காதே என்ற கட்டளையோ பக்கத்துக்கு உள்ளே இருக்கிறது. வாசலை அடைத்துவிட்டதால் உள்ளே எழுதியிருந்ததைத் தேடுபொறி படிக்கவே இல்லை. வேறு தளங்களிலிருந்து வந்த இணைப்புகளைக் கொண்டு முகவரியை மட்டும் அறிந்து, அதைப் பட்டியலில் வைத்துக்கொண்டது. ரோபாட்ஸ் கோப்பின் அடைப்பை நீக்கியபின், கூகுளின் நிரல் மீண்டும் வந்து கட்டளையைப் படித்ததும் அப்பக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு செயல்களுக்கும் தனித்தனிச் சொல் எழுதியிருந்தால் அவர் இந்த இடத்தில் தடுமாறியிருக்க மாட்டார். பிழை என் குறிப்பில் இருந்தது.

எனவே, சொற்களைப் பார்ப்போம்.

கிரால் என்பதற்குத் தவழ்தல், துழாவல், ஊர்தல் ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. தவழ்தல் குழந்தைக்கே உரிய சொல்லாகிவிட்டது. துழாவல் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருட்டில் ஒன்றைத் தொலைத்தவர்தான் துழாவுவார். இந்த நிரல் எதையும் தொலைக்கவில்லை. ஒரு பக்கத்தைப் படிக்கிறது, அதிலுள்ள இணைப்புகளைக் குறித்துக்கொள்கிறது, அவற்றின் வழியே அடுத்த பக்கங்களுக்குப் போகிறது, சில நாள் கழித்துப் பழைய பக்கத்துக்கே திரும்பி வருகிறது. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்ற பழமொழியில் உள்ள ஊர்தல் இதற்கு மிகவும் பொருந்துகிறது. எறும்பும் தடம் பற்றித்தான் போகிறது, போன தடத்திலேயே மீண்டும் வருகிறது. நிரலை ‘ஊர்வி’ எனலாம். பள்ளிப் பாடத்தில் ‘ஊர்வன’ பாம்பு, பல்லி இனத்தைக் குறிப்பதால் அந்த வடிவத்தைத் தவிர்த்துவிடலாம்.

இன்டெக்ஸ் சற்று நின்று பார்க்கவேண்டிய சொல். ‘அட்டவணை’ பலரும் எழுதுவது. ஆனால் வலைப்பக்கத்துக்குள் வரும் கட்டங்களும் அட்டவணைதான். ‘பக்கத்திலுள்ள அட்டவணை அட்டவணையில் சேரவில்லை’ என்று ஒரு கையேட்டில் எழுத முடியாது. ‘குறியீடு’ என்பதைக் கணினித் துறை முன்னரே வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டது. ‘சுட்டெண்’ என்பதில் எண் இருக்கிறது. இங்கே எண் முதன்மையானது அன்று.

என் பரிந்துரை ‘அடைவு’. தமிழாய்வாளர்கள் ‘சொல்லடைவு’ என்பதை நெடுங்காலமாக ஆள்கிறார்கள்: நூலில் வரும் ஒவ்வொரு சொல்லையும் அகர வரிசையில் வைத்து, அச்சொல் எந்தப் பாட்டில், எந்த அடியில் வருகிறது என்று காட்டுவது. உ.வே. சாமிநாதையர் பதிப்புகளின் இறுதியில் உள்ள அரும்பத அகராதியையும் பாட்டு முதற்குறிப்பையும் புரட்டிப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. தேடுபொறியின் உள்ளே இருப்பதும் இதுவே. ‘பக்கம், அதில் உள்ள சொற்கள்’ என்ற வரிசையைத் தலைகீழாக்கி, ‘சொல், அது வரும் பக்கங்கள்’ என்று அமைத்து வைத்திருப்பதால்தான் கேட்ட நொடியில் விடை தருகிறது. ஆகவே சொல்லடைவு என்பது இங்கே உவமை அன்று. அதே பொருள், அளவு மட்டும் பெரிது. பழைய உரைகளில் ‘அடைவே’ என்பது ‘முறையே’ என்ற பொருளில் வருவதும் இச்சொல்லுக்கு வலுச் சேர்க்கிறது.

இரண்டு மறுப்புகள் எழக்கூடும். லினக்ஸ் தமிழாக்கங்களில் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு ‘அடைவு’ என்று எழுதியிருக்கிறோம். யாழ்ப்பாண வழக்கில் நகையை அடகு வைப்பதை ‘அடைவு வைத்தல்’ என்பார்கள். முதலாவதற்கு இப்போது ‘கோப்புறை’ பரவிவிட்டது. இரண்டாவது நம் பொருளோடு மோதாதபடி, செயலை ‘அடைவேற்றம்’ என்றும், வினையாக ‘அடைவில் ஏற்றுதல்’ என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. ஈழத்து நண்பர்களுக்கு இது காதில் எப்படி ஒலிக்கிறது என்பதை அவர்கள்தாம் சொல்லவேண்டும்.

ஒரு கலைச்சொல் எதிர்மறையிலும் இயல்பாக வரவேண்டும் என்பதை நான் முதன்மையான சோதனையாகக் கொள்கிறேன். தளத்தின் பக்கங்கள் கூகுள் தேடலில் எந்த நிலையில் உள்ளன என்று தள உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோலில், புதியவர்களை மிகவும் அலைக்கழிக்கும் இரண்டு நிலைகளை இச்சொற்களில் எழுதிப் பார்த்தேன்: ‘கண்டறிந்தாயிற்று, இன்னும் ஊரவில்லை’, ‘ஊர்ந்தாயிற்று, இன்னும் அடைவில் ஏற்றவில்லை’. படித்த உடனே எந்தப் படியில் நிற்கிறோம் என்பது விளங்குகிறது. ‘தேடலில் சேர்த்தல்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கொண்டு இவற்றை எழுதவே முடியாது.

செய்யவேண்டியதும் படிக்குப் படி வேறுபடுகிறது. ஊரவில்லை எனில், அப்பக்கத்துக்கு நம் தளத்தின் மற்றப் பக்கங்களிலிருந்து இணைப்பு இருக்கிறதா, தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுத் தரும் தளவரைபடக் கோப்பில் (சைட்மேப்) முகவரி இருக்கிறதா, வழங்கி (சர்வர்) விரைவாக விடையளிக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு தளவரைபடக் கோப்பில் 50,000 முகவரிகள் வரை தரலாம் என்பதால் சிறிய தளங்களுக்கு ஒன்றே போதும். ஊர்ந்தும் அடைவில் ஏறவில்லை எனில், பக்கத்தில் சொந்தமாக, போதுமான உரை இருக்கிறதா என்பதே கேள்வி. தமிழ்த் தளங்களுக்கு இங்கே ஒரு தனிக் கவலை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பக்கங்கள் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துக் குவியலாகவே இருக்கின்றன. அவற்றைத் தமிழ்ச் சொல்லால் தேடினால் அகப்படாது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாத வரை அப்பக்கத்துக்கு வேறு எதைச் செய்தும் பயனில்லை. அழைப்பிதழையும் அறிக்கையையும் வெறும் படமாக ஏற்றுவோர்க்கும் ஏறத்தாழ இதே நிலைதான்.

மூன்றாம் படியான ரேங்கிங், அதாவது முடிவுகளில் எந்தப் பக்கம் முன்னே, எது பின்னே என்று முடிவுசெய்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘தரவரிசை’ பரவிய சொல்லாயினும், கல்லூரிகளின் தரவரிசைபோல ஒரு பக்கத்துக்கு நிலையான இடம் இருப்பதாக எண்ண வைக்கிறது. தேடும் சொல் மாறினால் இடமும் மாறும். ஆகவே ‘வரிசைப்படுத்தல்’ போதும். இந்த இயலில், பக்கத் தலைப்பைத் தெளிவாகவும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறாகவும் எழுதுவதையும், பிற தளங்கள் தாமே விரும்பி இணைப்புத் தரும் அளவுக்கு உள்ளடக்கம் அமைவதையும் முதலில் வைக்க விரும்புகிறேன். வரைவில் உள்ள, பக்கத்தின் தலைப்பகுதியில் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ எனும் திறவுச்சொற்களை நிறைத்து வைக்கச் சொல்லும் பத்தியை நீக்கிவிட வேண்டுகிறேன். வரிசைப்படுத்தலுக்கு அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 இலேயே அறிவித்துவிட்டது.

ரோபாட்ஸ் கோப்பு பற்றிய பத்தியை நான் திருத்தி எழுதியிருக்கிறேன். 1994 இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்து, 2022 இல் முறைப்படியான இணையத் தரமாக வெளியான அந்த நெறிமுறையை விளக்கியபின், இவ்வரிகளைச் சேர்த்துள்ளேன்:

“ரோபாட்ஸ் கோப்பு ஊர்தலை மட்டுமே தடுக்கும்; அடைவேற்றத்தைத் தடுக்காது. ஒரு பக்கம் அடைவில் ஏறக்கூடாது எனில், அப்பக்கத்திலேயே அதற்கான கட்டளையை இட்டு, ஊர்வி வந்து படிக்க வழிவிடுக.”

இவ்வரிகளில் வரும் மூன்று சொற்களையும் ஏற்கலாமா என்று குழுவினர் தெரிவித்தால், கையேடு முழுவதையும் அதற்கேற்ப ஒருசீராக்கி அனுப்புகிறேன்.

அன்புடன்