புதிய பாடல்களை மேடையில் கேட்டிருக்கிறீர்களா? ராக் நிகழ்ச்சி அனுபவங்கள்

தொடங்கியவர், சென்னை

ராக் நிகழ்ச்சிக்குப் போய்வந்தவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே குறைதான் வருகிறது: பழைய பாட்டு போதவில்லை, புதிய ஆல்பத்தை வாசித்தே நேரத்தை ஓட்டிவிட்டார்கள். இதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. ஒரு குழு தன் புதிய ஆல்பத்தை, இன்னும் யார் வாயிலும் ஏறாத பாடல்களை, பல்லாயிரம் பேர் முன்னால் வைக்கிற இரவுதான் பார்க்கவேண்டிய இரவு என்பது என் கட்சி. 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் வாசித்ததை நேரில் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஆல்பம். 2006 ஆகஸ்டில் வந்த ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ பத்தே பாடல்கள் கொண்டது, ஆனால் எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும். போரும் மதமும்தான் பாடுபொருள். ஆறு பேரும் லண்டன் ஸ்டூடியோவில் பெரும்பகுதியை ஒன்றாக நின்று வாசித்துப் பதிந்தார்கள். மாஸ்டரிங் என்கிற கடைசி மெருகையே போடாமல் விட்டார்கள். ஒலி மங்கலாக இருக்கிறது என்று அப்போது நிறையப் பேர் குறைப்பட்டார்கள். எனக்கோ அந்த ஆல்பத்தின் பலமே அதுதான். மெல்லிய இடம் மெல்லியதாகவே இருக்கிறது. அதனால் வெடிக்கிற இடம் உண்மையிலேயே வெடிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே உச்ச சத்தத்துக்கு ஏற்றிவிடும் வழக்கம் தலைவிரித்து ஆடிய காலம் அது. 2008இல் வந்த, அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பம் நினைவிருக்கிறதா? மறுபடி மிக்ஸ் செய்து வெளியிடுங்கள் என்று ரசிகர்களே மனுப் போட்டார்கள். அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேமில் சிடியைவிடத் தெளிவாகக் கேட்டன. அவ்வளவு நல்ல பாடல்களுக்கு அந்தக் கதி வந்ததில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சென்னையிலிருந்து கிளம்பிய ரயிலில் எங்கள் பெட்டி முழுக்கக் கறுப்பு டி-ஷர்ட். முன்பின் தெரியாதவர்கள் காட்பாடி தாண்டுவதற்குள் பாடல் பட்டியல் பற்றிச் சண்டை போடத் தொடங்கிவிட்டோம். மைதானத்தில் முதலில் டெல்லியின் பரிக்ரமா வாசித்தார்கள். வயலினும் தபலாவும் கொண்ட ராக் குழு. மெய்டனுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் முன் வேறு யார் நின்றாலும் கஷ்டம்தான், ஆனாலும் அவர்கள் அசரவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோடு ராக் விழா மேடையிலும் அவர்கள் வாசித்தார்கள் என்று படித்தபோது சொந்த வீட்டுப் பிள்ளை ஜெயித்ததுபோல் மகிழ்ந்தேன்.

மெய்டன் மேடையேறியதும் புதிய ஆல்பத்திலிருந்துதான் தொடங்கினார்கள். அதிலிருந்து மட்டும் நான்கைந்து பாடல்கள். ‘பிரைட்டர் தேன் எ தௌசண்ட் சன்ஸ்’ அணுகுண்டைப் பற்றியது. அதன் தொடக்க கிட்டார் வரி ஏழு எண்ணிக்கையில் சுழல்கிறது. வழக்கம்போல் நான்கு நான்காகத் தலையை ஆட்டியவர்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு இடறியது. என் முன்னால் நின்ற ஒரு பையன் ஆட்டுவதை நிறுத்தினான், விரலால் தொடையில் எண்ணிப் பார்த்தான், பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு பாட்டு முடியும்வரை அவன் தலை தப்பவே இல்லை. கேசட்டில் நூறு முறை கேட்ட பாட்டுக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்காது.

‘ஃபார் த கிரேட்டர் குட் ஆஃப் காட்’ ஒன்பது நிமிடத்துக்கு மேல். தொடக்கம் அமைதியானது. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் சபா கேண்டீனுக்கு எழுந்துபோகிறவர்களைப்போல ஒரு பகுதிக் கூட்டம் அப்போது பின்னால் நகர்ந்தது. போனவர்கள் எதை இழந்தார்கள் தெரியுமா? ஸ்டீவ் ஹாரிஸ் இடது காலை மேடை விளிம்பிலிருந்த மானிட்டர் ஒலிபெருக்கி மேல் ஊன்றி, பேஸ் கிட்டாரைத் துப்பாக்கிபோல் கூட்டத்தை நோக்கி நீட்டி, ஒவ்வொரு வரியையும் சத்தமில்லாமல் வாயால் பாடிக்கொண்டே வாசித்தார். அந்தப் பாட்டை எழுதியவர் அவர்தான். அதைப் பாடுவது புரூஸ் டிக்கின்சன், ஆனால் நம்பிக்கையோடு உச்சரிக்கிற இன்னொரு வாயும் அங்கே இருந்தது. மூன்றாவது முறை பல்லவி வருவதற்குள் என்னைச் சுற்றி இருந்தவர்கள், அன்றுதான் முதல்முறை கேட்டவர்கள்கூட, சேர்ந்து பாடினார்கள்.

‘த ட்ரூப்பர்’, ‘ஹாலோட் பி தை நேம்’ போன்ற பழைய பாடல்களையும் வாசித்தார்கள், தொண்டை கிழியக் கத்தினோம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பழைய பாட்டுதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ‘லைவ் ஆஃப்டர் டெத்’ நேரலை ஆல்பத்தின் பெரும்பகுதி 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பதிவானது. அதில் உள்ள ‘ஏசஸ் ஹை’, ‘பவர்ஸ்லேவ்’, ‘ரைம் ஆஃப் த ஏன்ஷியன்ட் மாரினர்’ எல்லாம் 1984 செப்டம்பரில் வந்த ஆல்பத்தின் பாடல்கள். பிறந்து ஆறு மாதம் ஆனவை! அந்தச் சுற்றுப்பயணமே ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன், ஆகஸ்டில், போலந்தில் தொடங்கிவிட்டது. அந்தப் பயணத்தில் கேட்டவர்கள் ‘பழையதை வாசி’ என்று அடம்பிடித்து, குழுவும் அதற்கு இணங்கியிருந்தால் நமக்கு அந்த ஆல்பம் ஏது? 2006 இறுதியில் மெய்டன் புதிய ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை மேடையில் வாசித்தார்கள், முணுமுணுப்பையும் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலுக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

மறுமொழி, மும்பை

நண்பரே, நீங்கள் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. நான் 2008 பிப்ரவரி 1 அன்று பாந்திரா-குர்லா வளாகத்தில் இருந்தேன். மெய்டனின் அந்த உலகச் சுற்றுப்பயணம் தொடங்கியதே எங்கள் ஊரில்தான். டிக்கின்சன் தானே விமானியாக இருந்து ஓட்டிய போயிங் 757இல் குழுவும் கருவிகளும் வந்து இறங்கின. அன்று கிட்டத்தட்ட எல்லாமே எண்பதுகளின் பாடல்கள். எகிப்தியக் கோயில்போல் மேடை.

‘ரைம்’ பதின்மூன்று நிமிடப் பாட்டு என்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் எல்லாக் கருவிகளும் அடங்கி, மரக்கப்பல் கிறீச்சிடும் ஓசையும் கரகரத்த ஒரு குரலும் மட்டும் இருக்குமே, அந்த இடத்தில் மைதானம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஹாரிஸின் பேஸ் தனியாக உள்ளே நுழைந்தபோது என் பக்கத்தில் நின்ற நரைத்த தலை மனிதர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூட நாட்களில் நண்பனின் கேசட்டைப் பிரதி எடுத்து, தேய்ந்த பிறகும் கேட்ட பாட்டு என்று பிறகு சொன்னார்.

1984இல் வந்த பாட்டை 2008இல் முதல்முறையாக மேடையில் கேட்கிறவனுக்கு அது எப்படிப் பழைய பாட்டு ஆகும்? லண்டன்காரருக்கு அது அலுத்திருக்கலாம். அவர் ஊருக்கு அந்தக் குழு ஒவ்வொரு முறையும் வருகிறது. நம் நாட்டுக்கு அவர்கள் வந்து சேரவே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பெங்களூரில் பின்னால் நகர்ந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எத்தனையோ வருடக் கடனை ஒரே இரவில் வசூலிக்க வந்தவர்கள் அவர்கள்.

மறுமொழி, கிண்டி

இரண்டு அண்ணன்களும் பெரிய மைதானங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் கலைவிழாவுக்கு ஸ்வீடனின் ஓபெத் குழு வந்தார்கள், திறந்தவெளி அரங்கில் வாசித்தார்கள். அப்போது நான் கல்லூரி மாணவி. உறுமலும் மென்குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருவதைப் பதிவில் கேட்டபோது இரண்டு பாடகர்கள் என்றே என் தோழி நினைத்திருந்தாள். மேடையில் மிகேல் அகெர்ஃபெல்ட் ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைப் பார்த்துவிட்டு அவள் வீடு வரும்வரை வேறு எதையும் பேசவில்லை. சென்னையில் இப்படி ஒரு குழுவைக் கேட்க ரயில் ஏறவேண்டியதில்லை என்று அன்று ஒரு நாளாவது இருந்ததே, அது போதாது. இன்னும் வரவேண்டும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: மேடைக்கு முன்னால் முண்டியடிக்காதீர்கள். கூட்டத்துக்கு நடுவே ஒலிப்பொறியாளர் மிக்ஸரோடு, அதாவது ஒலிகளைக் கலக்கும் கருவியோடு, உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதுக்கு ஏற்றபடிதான் ஒலியைச் சரிசெய்கிறார், அதனால் மைதானத்திலேயே நன்றாகக் கேட்கும் இடம் அதுதான். காதில் செருகும் நுரை அடைப்பான் கட்டாயம். பாட்டு கேட்காமல் போகாது. மறுநாள் காதில் ரீங்காரம் வரும் வாய்ப்பும் குறையும்.

தொடங்கியவர்

மும்பை நண்பரின் நரைத்த தலை மனிதர் என்னை அசைத்துவிட்டார். காத்திருந்து கேட்டவரின் கண்ணீரை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அவரை அழவைத்த ‘ரைம்’ வானொலிக்கோ வெற்றிப் பட்டியலுக்கோ பொருந்தாத நீளத்தில், ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜின் கவிதையை எடுத்துக்கொண்டு எழுதிய பாட்டு. 1984இல் அதைக் கேட்ட கூட்டம் பொறுமையாக நின்று கேட்டதால்தான் மும்பைக்கு வந்து சேர்ந்தது. 2007இல் நாங்கள் கேட்ட ஒன்பது நிமிடப் பாட்டுக்கும் அந்தப் பொறுமையைத்தான் கேட்கிறேன்.

கிண்டித் தங்கை சொன்ன மிக்ஸர் பக்கத்து இடத்தை நானும் வழிமொழிகிறேன். தலையாட்டிய அந்தப் பையனை நான் பார்த்ததும் அங்கிருந்துதான்.

2002இல் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் முன்னாள் உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூருக்கு வந்தபோது போனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அந்தக் குழுவின் பாடல்களுக்காகத் திரண்ட கூட்டம் அது. அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர் தன் தனி ஆல்பமான ‘அம்யூஸ்டு டு டெத்’ பாடல்களையும் வாசித்துவந்தார். அவை வந்தபோது அங்கே கூட்டம் நின்றதா, நகர்ந்ததா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.