டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத டாக்டர் ஒப்பந்தம் எதற்கு?

மாலதி_எல்பாசோ: நான் கிளினிக் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேற்படிப்பு படித்து நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதும் நர்ஸ். இங்கே ஒரு டாக்டரோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் பிரஷர் மாத்திரைகூட எழுத முடியாது. ஒப்பந்தம் இருந்தாலும் ஷெட்யூல் 2 மருந்து, அதாவது அடிமையாக்கும் ஆபத்து அதிகம் என்று கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, ஆஸ்பத்திரியிலும் ஹாஸ்பிஸிலும் (கடைசிக் காலப் பராமரிப்பிலும்) மட்டும்தான். முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவின் லாஸ் குரூஸஸ். அங்கே இதே படிப்புக்கு இந்த இரண்டு கட்டும் கிடையாது. எல்லை தாண்டினால் எனக்கு அறிவு கூடிவிடுமா?

டாக்டர்_ரகு: கூடாது, பயிற்சி நேரமும் கூடாது. உங்கள் படிப்பில் நேரடிப் பயிற்சி குறைந்தது 500 மணி என்றிருந்தது, 2022-இல்தான் 750 ஆக்கினார்கள். ரெசிடென்சியில், அதாவது டாக்டர் பட்டத்துக்குப் பிறகான ஆஸ்பத்திரிப் பயிற்சியில், நான்கு மாதத்துக்குள் அதைத் தாண்டிவிடுவோம். தூக்க மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு அதைக் கவனிக்காமல் ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) எழுதினால் மூச்சே நின்றுபோகலாம்.

மாலதி_எல்பாசோ: பத்து வருஷம் ஐசியூவில் நின்ற கணக்கை விட்டுவிட்டீர்களே டாக்டர்! 2014 அக்டோபரில் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு கலந்த வலி மாத்திரைகளை ஷெட்யூல் 3-லிருந்து 2-க்கு மாற்றினார்கள். முந்தின நாள் வரை எழுதிய கிளினிக் நர்ஸ் பிராக்டிஷனர்களால் மறுநாள் எழுத முடியவில்லை.

டாக்டர்_ரகு: அதற்கு அடிமையானவர்கள் பெருகியதால்தான் மாற்றினார்கள். எழுதித் தள்ளியதில் எங்கள் ஆட்களுக்குத்தான் பெரும்பங்கு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இன்னும் நான்கு பேர் கையில் பேனாவைக் கொடுப்பதா?

கணக்குப்பிள்ளை: நடுவில் வருகிறேன். என் மகனுக்கு ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாடு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக் கண்டுபிடித்தது நர்ஸ் பிராக்டிஷனர்தான். அதற்கான மாத்திரை மெதில்ஃபெனிடேட் ஷெட்யூல் 2; பழைய சீட்டிலேயே மறுபடி வாங்கும் ரீஃபில் கிடையாது. ஒவ்வொரு முறையும் அவர் எல்லாம் தயாராக வைத்துவிட்டு, பையனைப் பார்த்தே இராத டாக்டருக்காகக் காத்திருப்பார். போன மாதம் டாக்டர் லீவு. ஐந்து நாள் மாத்திரை இல்லை, அதில் ஒரு நாள் கணக்குப் பரீட்சை.

டாக்டர்_ரகு: அது மேற்பார்வையே இல்லை, ரப்பர் ஸ்டாம்ப். ஒரு டாக்டர் ஏழு பேரோடு ஒப்பந்தம் போடலாம் என்று சட்டமே விட்டால் இப்படித்தான். அந்த ஏழு என்ற எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

மாலதி_எல்பாசோ: குறைத்தால் கிராமப்பக்கம் ஒப்பந்தம் போட ஆளே கிடைக்காது. இப்போதே டாக்டருக்கு மாதாமாதம் காசு கொடுத்துத்தான் பலர் ஓட்டுகிறார்கள். கலிஃபோர்னியா 2020 சட்டம் மாதிரி செய்யலாமே: மூன்று வருஷ அனுபவம், அப்புறம் டாக்டர் இருக்கும் இடத்தில் மூன்று வருஷம், பிறகு தனியாக.

டாக்டர்_ரகு: ஆறு வருஷமா? சரி, பேசலாம். ஷெட்யூல் 2 தவிர.

மாலதி_எல்பாசோ: சண்டையே அதற்குத்தானே!

கணக்குப்பிள்ளை: ஆறு வருஷத்தில் என் பையன் காலேஜே முடித்துவிடுவான்.