பழைய மராண்ட்ஸ் ரிசீவர், இடது பக்கம் சத்தம் போய்ப் போய் வருகிறது. அவசரம்!

தாம்பரம்வாசி (வியாழன், இரவு 10:12)
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் மராண்ட்ஸ் ரிசீவரில் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில்) இடது பக்கம் சத்தம் திடீரென்று போய்விடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வருகிறது. இங்கே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடியைக்கூடக் கழற்றாமல், ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கிற அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டது, ஆறாயிரம் ஆகும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எழுபது முடிகிறது, அன்றைக்கு அவருடைய ரெக்கார்டுகளை இதில்தான் போட வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவைக்காரன் (10:20)
எந்த மாடல்? ரெக்கார்டு போடும்போது மட்டும் போகிறதா, ரேடியோவிலும் போகிறதா? ஹெட்போன் செருகிப் பார்த்தீர்களா? இடது ஸ்பீக்கர் ஒயரை வலது பக்கம் மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா? இதெல்லாம் தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

சாலிடர்சாமி (10:31)
எதையும் கேட்கவே வேண்டாம். ஐம்பது வருஷ செட்டு, உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற சின்ன டப்பாக்கள், அத்தனையும் காய்ந்திருக்கும். ஒன்று விடாமல் மாற்றுங்கள். நான் இதுவரை பதினோரு செட்டுக்கு மாற்றியிருக்கிறேன், ஒவ்வொன்றும் மாற்றியபின் புது உயிர் வந்த மாதிரி பாடியது. சாமான் வாங்கிக் கொடுத்தால் நானே செய்து தருகிறேன், ஆனால் இரண்டு வாரம் ஆகும்.

ஒலிச்செவி (10:44)
தம்பி, ‘மராண்ட்ஸ்’ என்று மட்டும் எழுதினால் எதைப் பற்றி என்று நினைப்பது? நியூயார்க்கில் சால் மராண்ட்ஸ் தன் வீட்டிலேயே ப்ரீஆம்ப் (மெல்லிய சிக்னலைத் தயார்செய்கிற முதல் பகுதி) செய்த காலத்துப் பெட்டியா, 1964-ல் சூப்பர்ஸ்கோப் என்ற கம்பெனி கைக்குப் போனபின் ஜப்பானில் செய்ததா, நேற்று ஆன்லைனில் வாங்கியதா? இருபது வருஷமாக இங்கே பதில் எழுதுகிறேன், முதல் பதிவிலேயே மாடல் நம்பர் போட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். கேட்கத் தெரிந்தவனுக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். பின்பக்கத் தகட்டைப் படித்துவிட்டு வாருங்கள்.

தாம்பரம்வாசி (11:05)
மன்னிக்கவும் சார், அவசரத்தில் எழுதிவிட்டேன். மாடல் 2230. ரெக்கார்டு, எஃப்எம், டேப் எல்லாவற்றிலும் இடது பக்கம் போகிறது. இப்போதுதான் ஹெட்போன் செருகிப் பார்த்தேன், அதிலும் இடது காதில் போகிறது. இன்னொன்று, வால்யூமை ஒரு நிமிஷம் நன்றாக ஏற்றினால் சட்டென்று திரும்பி வருகிறது, குறைத்து வைத்தால் பத்து நிமிஷத்தில் மறுபடி மங்கிப் போகிறது.

கோவைக்காரன் (11:19)
இதைத்தான் எதிர்பார்த்தேன். ஹெட்போனிலும் போகிறது என்றால் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் ஒயர், ஸ்பீக்கர் சுவிட்ச் மூன்றின் மேலும் சந்தேகம் இல்லை. எல்லா இடத்திலிருந்து வரும் பாட்டுக்கும் போகிறது என்றால் ரெக்கார்டுக்கான ஃபோனோ பகுதியும் ரேடியோவுக்கான டியூனரும் தப்பித்தன. அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும், ஃப்யூஸ் போகும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஒரேயடியாக ஊமையாகிவிடும். வால்யூம் ஏற்றினால் திரும்பி வந்து, குறைத்தால் மெல்ல மங்குகிற டிரான்சிஸ்டரை நான் பார்த்ததில்லை.

இது ஏதோ ஒரு தொடுமுனையில் கறுப்புப் படிந்த குணம். மெல்லிய சிக்னலால் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாது, சத்தமான சிக்னல் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். செட்டை ஆஃப் செய்துவிட்டு டேப் மானிட்டர் பட்டன், மோனோ பட்டன், லவுட்னெஸ் பட்டன் எல்லாவற்றையும் முப்பது நாற்பது தடவை அமுக்கி எடுங்கள். வால்யூம், பேலன்ஸ் குமிழ்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். பைசா செலவில்லை.

சாலிடர்சாமி (11:26)
தொடுமுனை துடைத்தால் ஒரு மாசம் ஓடும். கண்டென்சர் மாற்றினால் முப்பது வருஷம் ஓடும். 2230-ல் ஸ்பீக்கருக்குப் போகும் வழியிலேயே பெரிய கண்டென்சர் இருக்கிறது, அது காய்ந்தால் அந்தப் பக்கம் சத்தம் குறையத்தான் செய்யும்.

கோவைக்காரன் (11:33)
அது காய்ந்தால் முதலில் பேஸ் (கீழ்ச்சுருதி) மெலியும், அப்படியே நிலையாக இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் வராது சாமி. கண்டென்சர் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை, அதை நிதானமாகச் செய்யலாம். இவருக்கு ஞாயிற்றுக்கிழமை பாட்டு வேண்டும்.

ஒலிச்செவி (வெள்ளி, காலை 6:50)
2230 என்றால் பின்பக்கம் போய்ப் பாருங்கள் தம்பி. ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று எழுதிய நான்கு ஓட்டைகள், அவற்றை இரண்டிரண்டாக இணைக்கும் ‘ப’ மாதிரி வளைந்த இரண்டு உலோகக் கம்பிகள். ப்ரீஆம்பிலிருந்து ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்குப் போகிற பாட்டு முழுக்க அந்த இரண்டு கம்பி வழியாகத்தான் போகிறது. வெளியில் காற்றுப் பட, கடற்கரைக்கு அருகில் இருந்தால் உப்புக்காற்றும் பட, ஐம்பது வருஷம் கறுத்துப்போயிருக்கும். செய்தவர்கள் குறை இல்லை, காற்றின் வேலை. சுவிட்சை அமுக்கச் சொல்லும் முன் கோவைக்காரர் இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு கேள்வி, யாரும் கேட்கவில்லை. இது எந்த நாட்டில் வாங்கியது? 2230 பல அமெரிக்காவில் விற்ற 120 வோல்ட் செட்டு. நம் ஊர் பிளக்கில் நேரே செருகியிருக்கிறீர்களா?

தாம்பரம்வாசி (7:40)
ஐயோ, அதைச் சொல்லவே இல்லையா! ஆமாம் சார், சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தது. வோல்ட்டேஜைக் குறைக்கிற ஒரு ஸ்டெப் டவுன் பெட்டி வழியாகத்தான் ஓடுகிறது. நான் பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பதால் சொல்லத் தோன்றவில்லை. நீங்கள் சொன்ன கம்பி இருக்கிறது, அப்பா தூங்குகிறார், சாயந்திரம் பார்க்கிறேன்.

புதுஆம்ப் (8:15)
தவறாக நினைக்காதீர்கள், இத்தனை பாடு எதற்கு? உள்ளங்கை அளவு கிளாஸ் டி என்கிற புதுவகை ஆம்ப் இப்போது ஐம்பது வாட் கொடுக்கிறது, அரைக் கிலோகூட இல்லை. 2230-ன் டிஸ்டார்ஷன், அதாவது ஒலியில் சேரும் சிதைவு, அரை சதவீதம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், இன்றைய நல்ல பெட்டிகளில் அது இதைவிட மிகக் குறைவு. பழையது இனிக்கிறது என்பது நம் நினைவு, காது அல்ல.

பழையவானொலி (8:52)
எண்ணைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அதில் சண்டை இல்லை. ஆனால் ஒரு தடவை அந்த 2230-ன் டியூனிங் சக்கரத்தை விரலால் தள்ளிப் பாருங்கள். கைரோ டச் என்று பெயர், முகப்பில் படுக்கை வசத்தில் பதித்த சக்கரம், உள்ளே கனமான ஃப்ளைவீல். ஒரு தள்ளு தள்ளினால் ஊசி பட்டையின் அந்தக் கோடிவரை வழுக்கிக்கொண்டு போகும், விரல் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும், பின்னால் நீல வெளிச்சம். ஐம்பது வருஷம் கழித்தும் அதில் ஆட்டம் கிடையாது. பித்தான் மாதிரி அமுங்குகிற பிளாஸ்டிக்கில் இந்தச் சுகம் வரவே வராது. முகப்பு ஒரே அலுமினியத் தகடு, குமிழும் அலுமினியம், தொட்டால் சில்லென்று இருக்கும்.

சத்தத்துக்கு வருகிறேன். இந்தச் செட்டில் பேஸ், மிட், ட்ரெபிள் என்று மூன்று குமிழ். நடுவில் இருக்கும் அந்த மிட் குமிழ்தான் விஷயம், பாடுகிறவர் குரலை ஒரு அடி முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கலாம், பின்னால் தள்ளவும் செய்யலாம். பழைய ரெக்கார்டுகளைக் கேட்கிறவர்களுக்கு இதைவிட உதவியான குமிழ் இல்லை. லவுட்னெஸ் பட்டனும் அப்படித்தான். மெல்லக் கேட்கும்போது நம் காதுக்குக் கீழ்ச்சுருதி சரியாக எட்டாது, அதை அந்தப் பட்டன் நிரப்புகிறது. பழைய செட்டின் ‘கதகதப்பு’ என்று சொல்வதில் பாதி இந்தப் பட்டன் எப்போதும் அமுங்கியே இருப்பதால் வருவது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காக நான் இன்னும் அதை வைத்திருக்கிறேன்.

புதுஆம்ப் (9:10)
ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆனால் அந்தக் காலத்திலும் வாட் கணக்கில் விளையாடியவர்கள்தானே? பீக் பவர், மியூசிக் பவர் என்று, ஒரு கணம் மட்டும் தாங்குகிற எண்ணைப் போட்டு.

பழையவானொலி (9:34)
விளையாடினார்கள், அதனால்தான் 1974-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் விதி போட்டது. வாட்டை விளம்பரம் செய்யும் முன் செட்டை மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்க வேண்டும், அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முழு பவர் கொடுக்க வேண்டும் என்றது அன்றைய விதி. அந்தச் சோதனையைத் தாங்க ஒரே வழி பெரிய டிரான்ஸ்ஃபார்மர், சூட்டை வெளியேற்றும் பெரிய ஹீட் சிங்க். அப்புறம் நிறுவனங்களுக்குள் போட்டி. பயனியர் 1976-ல் 160 வாட்டோடு எஸ்எக்ஸ் 1250, 1978-ல் 270 வாட்டோடு எஸ்எக்ஸ் 1980, அது முப்பத்தைந்து கிலோ. வீட்டில் யாருக்கும் அத்தனை வாட் தேவையில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரும்பும் செம்பும் அலமாரியில் உட்கார்ந்து நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் வேலை செய்கிறது. உங்கள் உள்ளங்கைப் பெட்டி பழுதானால் திறந்து பார்க்க ஒரு ஸ்க்ரூவாவது இருக்கிறதா?

புதுஆம்ப் (9:41)
அது உண்மைதான். என்னுடையது ஒன்று போனபோது தூக்கித்தான் போட்டேன்.

சாலிடர்சாமி (10:02)
தாம்பரம்வாசி, கம்பியைத் துடைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கண்டென்சர் பட்டியல் அனுப்பட்டுமா?

கோவைக்காரன் (10:30)
சாயந்திரம் பார்க்கும்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். செட் ஓடும்போது இழுத்தால் ‘டம்’ என்று ஒரு உதை ஸ்பீக்கருக்குப் போகும், கோன் கிழியலாம். கழற்றியதும் கம்பியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், துணி கறுக்கும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். ஓட்டைக்குள்ளும் பஞ்சுக் குச்சி விட்டுத் துடையுங்கள்.

அதிலும் சரியாகாவிட்டால் கம்பிக்குப் பதில் ஆடியோ செட்டுகளை இணைக்கிற சாதாரண ஆர்சிஏ ஒயர் இரண்டை எடுத்து, இடது ப்ரீ அவுட்டை வலது மெயின் இன்னுக்கும், வலதை இடதுக்கும் குறுக்காகப் போடுங்கள். இப்போது வலது பக்கம் சத்தம் போனால் பழுது ப்ரீஆம்பில், சுவிட்ச், குமிழ் பக்கம். பழையபடி இடதே போனால் பவர் ஆம்பில். ஒரு மெக்கானிக்கும் மீட்டரும் இல்லாமல் செட்டைப் பாதியாக வெட்டிப் பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் வாங்குகிறவரே பிரித்துச் சேர்க்கட்டும் என்று அந்த நான்கு ஓட்டையைப் பின்பக்கம் வைத்தார்கள் பாருங்கள், எனக்கு இந்தச் செட்டுகள் மேல் இத்தனை மதிப்பு வந்ததே இதனால்தான்.

வீணைக்காது (11:15)
குறுக்கே ஒரு கேள்வி, அமெரிக்க 2230 என்றதும் நினைவு வந்தது. என்னிடமும் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செட் இருக்கிறது. ரெக்கார்டு நன்றாகக் கேட்கிறது, நம் எஃப்எம் மட்டும் போர்வை போர்த்திய மாதிரி இருக்கிறது. காரில் அதே நிலையம் பளிச்சென்று கேட்கிறது. ஆன்டெனா குறையா?

பழையவானொலி (11:38)
ஆன்டெனா இல்லை. எஃப்எம் ஒலிபரப்பும்போது உயர்சுருதியைத் தூக்கி அனுப்புவார்கள், வாங்கும் செட் அதே அளவு இறக்க வேண்டும். அமெரிக்காவில் அதன் கணக்கு 75 மைக்ரோ செகண்ட், இந்தியாவில் 50. அங்கே செய்த செட் இங்கே தேவைக்கு மேல் இறக்கிவிடுகிறது, மேல்சுருதியில் மூன்றரை டெசிபல் வரை குறையும். ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜப்பான் உள்நாட்டு செட்டுகள் இன்னும் சிரமம், அந்தக் காலத்தில் அவர்கள் எஃப்எம் பட்டை 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான், நம் நிலையங்கள் பல அதற்கு மேலே. மின்சாரமும் அங்கே 100 வோல்ட். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பின்பக்கத் தகட்டையும் டயலின் கடைசி எண்ணையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். சென்னையில் 1977-ல் எஃப்எம் வந்தது, இந்தியாவிலேயே முதலில் இங்கேதான். அந்த ஒலிபரப்பை இந்த மாதிரிச் செட்டில் கேட்டவர்கள் பாக்கியசாலிகள்.

ஒலிச்செவி (பிற்பகல் 1:05)
இழை எங்கோ போகிறது. கேட்டவர் எங்கே?

சாலிடர்சாமி (சனி, காலை 9:20)
தம்பி, என்ன ஆயிற்று?

கோவைக்காரன் (சனி, இரவு 9:45)
நாளை ஞாயிறு. துடைத்தீர்களா இல்லையா என்று ஒரு வரி போடுங்கள்.

தாம்பரம்வாசி (ஞாயிறு, இரவு 11:30)
மன்னிக்கவும், வீடு முழுக்க ஆள். அந்தக் கம்பிதான். இடது பக்கக் கம்பி கரி மாதிரி இருந்தது, மூன்று துணி கறுத்தது. துடைத்துப் போட்டதிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை. மத்தியானத்திலிருந்து ஒன்பது மணிவரை அப்பா எழுந்திருக்கவே இல்லை, சக்கரத்தைத் தள்ளித் தள்ளிச் சித்தியிடம் காட்டிக்கொண்டே இருந்தார். எல்லாருக்கும் நன்றி.

ஒலிச்செவி (11:41)
சந்தோஷம் தம்பி, அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். ஸ்டெப் டவுன் பெட்டி எத்தனை விஏ (எவ்வளவு சுமை தாங்கும்) என்று இன்னும் சொல்லவில்லை. ஒன்பது மணி நேரம் ஓடியபின் அது தொட முடியாத சூடாக இருந்ததா, இளஞ்சூடா?