வுவுசெலா இரைச்சலும் உப்புச்சப்பில்லாத ஆட்டங்களும்

யூன் 17, 2010 | பாரிஸ்

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

தென்னாபிரிக்காவில் நடக்கும் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தின் முதல் சுற்று (ஒவ்வொரு அணிக்கும் முதல் ஆட்டம்) நேற்றோடு முடிந்தது. 16 ஆட்டம், 25 கோல். ஜேர்மனி அவுஸ்திரேலியாவுக்கு அடித்த 4 ஐக் கழித்தால் 15 ஆட்டத்துக்கு 21 தான். உருகுவே – பிரான்ஸ் 0–0. ஐவரி கோஸ்ட் – போர்த்துக்கல் 0–0. நேற்று ஸ்பெயினும் சுவிஸிடம் 0–1. இவ்வளவுக்கும் 90 நிமிடமும் காதுக்குள் குளவிக்கூடு.

ரசிகர்கள் ஊதும் அந்தப் பிளாஸ்டிக் குழலை, வுவுசெலாவை, மைதானத்தில் தடை செய்யவேணும் என்பது என் கட்சி. போன வருடம் அங்கேயே நடந்த கொன்ஃபெடரேஷன் கிண்ணத்தின்போதே ஸ்பெயின் ஆட்டக்காரர் ஷபி அலொன்சோ அதைச் சொன்னார். உலக உதைபந்தாட்டச் சம்மேளனத் தலைவர் பிளாட்டர் இது ஆபிரிக்காவின் சத்தம் என்று சொல்லி விட்டுவிட்டார். இப்போது எங்கள் பிரான்ஸ் அணியின் எவ்ராவும் ஆட்டக்காரர் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்பதில்லை என்கிறார். பின்னால் ஆள் வருகிறான் என்று கத்திச் சொல்ல முடியாவிட்டால், பந்து வைத்திருப்பவன் திரும்ப மாட்டான், பின்னுக்குத்தான் தட்டுவான். சப்பென்ற ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்? டிவியில் அந்தச் சத்தத்தை மட்டும் கழிக்க வழி இருந்தால் அதையும் எழுதுங்கோ.


யூன் 18 | லண்டன்

பாரிஸ் அண்ணைக்கு,

தடை பற்றிப் பிறகு கதைப்பம். சத்தத்தைக் குறைக்கும் வழியை முதலில் சொல்கிறேன். இரண்டு நாளாகத் தனி மடலில் கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

வுவுசெலா ஏறக்குறைய 65 செ.மீ நீளமான பிளாஸ்டிக் குழல். துளையும் இல்லை, வால்வும் இல்லை. நீளம் மாறாததால் சுரமும் மாறாது. அடிச் சுரம் 233 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 233 அதிர்வு) அளவில் நிற்கும். கூம்பு வடிவம் என்பதால் அதன் மடங்குகள் எல்லாம் சேர்ந்து வரும்: 466, 699, 932, 1165 என்று மேலே போகும். பலமாக ஊத ஊத அடிச் சுரத்தைவிட இந்த மேல் மடங்குகளே கூடும். எங்கள் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 க்கும் 4000 க்கும் இடையில். குத்துவது அந்தப் பகுதிதான்.

ஒரு குழல் என்றால் சங்கு மாதிரித்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் ஊதும்போது ஒன்று 231, ஒன்று 234, ஒன்று 236 என்று சற்றே விலகி நிற்கின்றன. அந்த விலகல்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்வதுதான் குளவிக்கூட்டு இரைச்சல்.

5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு அடிச்சுர ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் ஒலி) வருகிற அலைவரிசையும் தனித்தனி ஸ்பீக்கரும் உள்ளவர்களுக்கு வேலை சுகம். வர்ணனை பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். மைதானச் சத்தம் இடம், வலம், பின் ஸ்பீக்கர்களில். நடுவை விட்டுவிட்டு மற்ற நாலையும் 8 முதல் 10 டெசிபல் (சத்தத்தின் அளவு) இறக்குங்கோ. எந்த வடிகட்டியும் தேவையில்லை.

சாதாரண ஸ்டீரியோ டிவி என்றால் ஒலி மெனுவில் ஈக்குவலைசர் (தாழ்ந்த, உயர்ந்த சுரங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது) இருக்கிறதா என்று பாருங்கோ. 300 என்று போட்டிருப்பதை நன்றாக இறக்கி, 1 கிலோஹேர்ட்ஸை கொஞ்சம் இறக்கவேணும். வர்ணனையாளரின் குரல் தகரப் பேணிக்குள் இருந்து வருவது போலாகும். ஒவ்வொரு பிடியும் இறக்கும் சுரப் பட்டை அகலமாக இருப்பதால் குரலும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. அதற்கு மேல் டிவியால் ஏலாது.

கணினியில் பார்ப்பவர்கள் இன்னும் நுணுக்கமாக வெட்டலாம். வெட்டும் இடத்தையும் அகலத்தையும் நாங்களே தெரிவு செய்யும் பாராமெட்ரிக் ஈக்குவலைசர் ஒன்றில் 233, 466, 932, 1864 என்ற நாலு இடத்தில் ஒடுங்கிய வெட்டுப் போடும் முறை இணையத்தில் பரவியிருக்கிறது. 699 ஐயும் 1165 ஐயும் சேருங்கோ, வித்தியாசம் தெரியும். ஆழம் 30 டெசிபல் போதும். வெட்டு எவ்வளவு ஒடுக்கம் என்று சொல்லும் கியூ (Q) அளவை எல்லா இடத்திலும் 15 ஆகவே வையுங்கோ. 233 இல் குழல்கள் 5 ஹேர்ட்ஸ் விலகினால் 932 இல் 20 விலகும். கியூ ஒன்றாக இருந்தால் வெட்டின் அகலமும் அதே விகிதத்தில் தானாக விரியும். எல்லா இடத்துக்கும் ஒரே ஹேர்ட்ஸ் அகலம் கொடுத்தவர்கள்தான் "ஒன்றும் குறையவில்லை" என்று எழுதுகிறார்கள். ஆண் வர்ணனையாளரின் அடிக்குரல் 200 க்குக் கீழே என்பதால் அவர் தப்பிவிடுவார். கணினி ஒலியைக் கொஞ்சம் தாமதிக்கும். உதடும் சொல்லும் பிரிந்தால் படத்தையும் அதே அளவு தாமதிக்கவேணும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் இதற்கென்றே ஒரு வடிகட்டி வெளியிட்டிருக்கிறார்கள், அதையும் போட்டுப் பார்க்கலாம்.

செய்யக்கூடாத இரண்டு. கரோக்கி பொத்தானை அமத்த வேண்டாம்: அது இடம் வலம் இரண்டிலும் பொதுவாக உள்ளதைக் கழிக்கும். பொதுவாக உள்ளது வர்ணனை. வர்ணனை போய் வுவுசெலா மிஞ்சும். மற்றது, 2.95 யூரோவுக்கு "எதிர் வுவுசெலா" எம்பி3 விற்கிறார்கள், ஆட்டத்தோடு சேர்த்துப் போட்டால் இரைச்சலை அடித்துவிடுமாம். ஒரு அலையை அடிக்க அதன் நேர் எதிர் அலை அதே கணத்தில் வரவேணும். 233 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்றரை மீற்றர். தலையை முக்கால் மீற்றர் நகர்த்தினாலே எல்லாம் தலைகீழ். அதைவிட, ஆயிரம் பேர் நினைத்த நேரத்தில் ஊதுவதை முன்கூட்டியே பதிவு செய்தது யார்? அந்தக் காசை எங்கள் ஊர்ச் சங்கத்துக்குக் கட்டுங்கோ.


யூன் 20 | டர்பன்

உறவுகளே,

இங்கேயிருந்து ஒரு வார்த்தை. சத்தத்தால் ஆட்டம் கெட்டது என்கிறார் பாரிஸ் அண்ணை. 13 ஆம் திகதி ஜேர்மனி 4 அடித்ததும் எங்கள் மோசஸ் மபிடா மைதானத்தில்தான். 16 ஆம் திகதி ஸ்பெயின் ஒன்றும் அடிக்காமல் தோற்றதும் அதே மைதானத்தில்தான். இரண்டு நாளும் ஊதலுக்குக் குறைவில்லை. ஜேர்மனியின் ஒசிலும் முல்லரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டா ஓடினார்கள்? ஸ்பெயினுக்கு என்ன நடந்தது என்றால், சுவிஸ் பயிற்சியாளர் ஹிட்ஸ்ஃபெல்ட் கோல் பெட்டிக்கு முன்னால் நாலும் நாலுமாக இரண்டு மதில் கட்டினார். 52 ஆவது நிமிடம் கிடைத்த ஒரேயொரு குழப்பத்தில் ஜெல்சன் பெர்னாண்டஸ் தள்ளிவிட்டார். அவ்வளவுதான்.

குழல் யாருடையது என்பதிலும் இங்கே இழுபறி. தன் அலுமினியக் குழல்தான் மூலம் என்கிறார் இங்குள்ள கைசர் சீஃப்ஸ் கழகத்தின் ரசிகர் ஃப்ரெடி மாக்கே. வழிபாட்டில் தாங்கள் ஊதுவதைத்தான் எடுத்துவிட்டார்கள் என்கின்றனர் ஷெம்பே என்ற இங்குள்ள கிறிஸ்தவ சபையார். பிளாஸ்டிக்கில் வார்த்துக் கடைக்குக் கொண்டுவந்தவர் நீல் வான் ஸ்கால்க்விக், 2001 இல். சீஃப்ஸும் அதன் எதிர்க் கழகமான ஒர்லாண்டோ பைரட்ஸும் மோதும்போது கேட்டுப் பாருங்கோ: ஒரு பக்கம் இரண்டு குட்டை ஒரு நெட்டை என்று ஊத, மறுபக்கம் பதில் கொடுக்கும். பந்து பெட்டிக்குள் போனால் வேகம் கூடும். இப்போது டிவியில் கேட்பது அந்த ஊதல் இல்லை. வாசலில் வாங்கி, தாளம் தெரியாமல் மூச்சு உள்ளமட்டும் ஊதுகிற விருந்தாளிகளின் சத்தம்தான் பாதிக்கு மேல்.

காது விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். தென்னாபிரிக்க மருத்துவச் சஞ்சிகையில் வந்த அளவீடு: குழல் வாயில் 131 டெசிபல், 2 மீற்றர் தள்ளி 113. வேலைத்தலக் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தில் 8 மணித்தியாலம்தான் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படியே இறக்கிக்கொண்டு வந்தால் 113 க்கு ஒரு நிமிடம்கூட இல்லை. வருகிறவர்கள் காதுக்குள் வைக்கும் நுரைச் செருகி கொண்டு வாருங்கோ. விரலால் ஒடுக்கமாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலை எடுக்காமல் வைத்திருக்கவேணும். விரிய முதல் விட்டால் பாதி வெளியே தள்ளிவிடும். செருகியும் செருகாத கணக்குத்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அது நிற்காது, காதை முழுக்க மூடும் கவசம்தான் சரி.

ஊதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: புல்லாங்குழல் மாதிரிக் காற்றை விட்டால் வெறும் புஸ் என்றுதான் வரும். உதட்டை இறுக்கி, குதிரை கனைப்பதுபோல் உதட்டை அதிர விடவேணும். கன்னம் உப்பக்கூடாது.


யூலை 13 | சூரிச்

அண்ணைமார், அக்காமாருக்கு,

கிண்ணம் முடிந்தும் எங்கள் மடல் குழுவில் சண்டை முடியவில்லை. கணக்கை வைத்தே முடிப்பம்.

குழு நிலையில் முதல் 16 ஆட்டம் 25 கோல். இரண்டாம் 16 ஆட்டம் 42. மூன்றாம் 16 ஆட்டம் 34. வெளியேற்றும் சுற்றின் 16 ஆட்டம் 44. மொத்தம் 64 ஆட்டத்துக்கு 145, சராசரி 2.27. இதைவிடக் குறைந்தது 1990 இத்தாலி மட்டும்தான், 2.21. வுவுசெலா நாலு சுற்றிலும் ஒரே மாதிரி ஊதியது. போர்த்துக்கல் வட கொரியாவுக்கு 7 அடித்தபோதும் ஊதியது. ஆகவே சத்தத்தைக் குற்றவாளிக் கூண்டில் இருந்து இறக்கிவிடலாம்.

பிறகு முதல் சுற்றில் என்னதான் நடந்தது? பயம். முதல் ஆட்டத்தில் தோற்றால் அடுத்ததில் வென்றே ஆகவேணும். ஒரு புள்ளி எடுத்தால் மூச்சு விடலாம். அதனால் 0–0 வரைக்கும் ஒருவரும் கதவைத் திறப்பதில்லை. அதோடு, இப்போது எல்லாரும் பின்களத்துக்கு முன்னால் இரண்டு பேரை நிறுத்துகிறார்கள்: ஸ்பெயினுக்கு புஸ்கெட்ஸும் அலொன்சோவும், ஒல்லாந்துக்கு வான் பொமெலும் டி யோங்கும், பிரேசிலுக்கு ஜில்பெர்ட்டோவும் ஃபெலிப்பே மெலோவும். நடுவால் ஊடுருவ இடம் இல்லை.

அடுத்தது பந்தும் மலையும். இந்தக் கிண்ணத்துக்குச் செய்த ஜபுலானி பந்து 8 துண்டு. போன முறை 14, பழைய பந்து 32. பொருத்து குறைந்தால் மேற்பரப்பு வழவழப்பு. பழைய பந்து மெதுவாகப் போகும்போதுதான் தள்ளாடும். இது மணிக்கு 72 முதல் 80 கிலோமீற்றர் வேகத்தில் தள்ளாடுவதாக நாசா ஆட்கள் காற்றுச் சுரங்கத்தில் பார்த்திருக்கிறார்கள். ஃப்ரீ கிக்கும் தூர அடியும் போகிற வேகம் அது. ஜொஹானஸ்பேர்க் 1700 மீற்றர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. இழுவை குறைவதால் பந்து நினைத்ததைவிடத் தூரம் போகும், வளைவும் குறையும். முதல் வாரத்தில் நீள அடியெல்லாம் கோட்டைத் தாண்டி ஓடியது அதனால்தான். பழகியவனுக்கு அதே பந்து சொன்னபடி கேட்டது: ருஸ்டன்பேர்க்கில் டென்மார்க்குக்கு எதிராக ஜப்பான் ஒரே ஆட்டத்தில் இரண்டு ஃப்ரீ கிக்கை நேராக உள்ளே போட்டதை (ஹொண்டா, எண்டோ) மறக்கவேண்டாம்.

ஸ்பெயின் 7 ஆட்டத்தில் 8 கோலோடு கிண்ணம் எடுத்தது சப் என்கிறவர்களுக்கு: வெளியேற்றும் சுற்றில் நாலும் 1–0. கோல் விழுந்த நிமிடம் 63, 83, 73, 116. ஒரு மணித்தியாலம் எதிராளியைப் பந்துக்குப் பின்னால் ஓடவிட்டு, கால் கனத்த பிறகு வெட்டுகிறார்கள். பார்க்க அலுக்கலாம், தற்செயல் இல்லை. இறுதியாட்டத்தைக் கெடுத்தது ஒல்லாந்தின் உதை. மத்தியஸ்தர் வெப் 14 மஞ்சள் அட்டை எடுத்தும் போதவில்லை.

பாரிஸ் அண்ணை சொன்னதில் ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன், ஆனால் வேறு காரணத்துக்கு. டிவி பார்க்கிறவன் பாதி ஆட்டத்தைக் காதால்தான் பார்க்கிறான். சமையலறையில் நிற்கும்போது சனம் "ஓ" என்று எழும்பினால் ஓடி வருவான். ஒரே சுரம் 90 நிமிடமும் ஓடினால் அந்த ஏற்ற இறக்கம் அமுங்கிப்போகும். கோல் கம்பத்தில் பட்டதும் கோணருக்குப் போனதும் ஒரே சத்தம். ஆட்டம் நல்லதோ கெட்டதோ, காதுக்கு எல்லாம் ஒன்று. லண்டன் தம்பியின் வடிகட்டி போட்டவர்களுக்கு அந்த "ஓ" திரும்பக் கேட்டது. அவர்கள்தான் மடல் குழுவில் குறைவாகக் குறைப்பட்டவர்கள் என்பதையும் கவனியுங்கோ.

எங்கள் சுவிஸ் பற்றிக் கேலி செய்தவர்களுக்கு: 2006 ஐயும் சேர்த்து உலகக் கிண்ணத்தில் 559 நிமிடம் கோல் வாங்காத சாதனை இப்போது எங்களுடையது. பார்க்கச் சகிக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.


யூலை 15 | பாரிஸ்

தம்பி, கணக்குக்கு நன்றி. தடைக் கோரிக்கையை மீளப்பெறுகிறேன், முறைப்பாட்டை அல்ல.

இனி எங்கள் அலுவல். ஓகஸ்ட் ஒன்றுகூடலில் ஏழு பேர் உதைபந்தாட்டத்துக்கு 100 குழல் வாங்கி விற்று, பள்ளிக்கூடக் கூரை நிதிக்குச் சேர்ப்பம் என்று ரொறன்ரோவில் இருந்து யோசனை வந்தது. விற்கலாம். ஆனால் ஆட்டம் நடக்கும்போது இரண்டு கோலுக்கும் பின்னால் ஊதக்கூடாது. பிள்ளைகள் கூடாரத்தில் இருந்து ஆகக் குறைந்தது 20 மீற்றர் தள்ளி. கோல் விழுந்தால், இடைவேளை என்றால் ஆசைதீர ஊதலாம்.

0–0 க்கு இரண்டு பக்கத்துக்கும் புள்ளி இல்லை என்று விதி போடச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். போட்டால் இரண்டு அணி பேசிவைத்து 1–1 அடிக்கும். 1982 இல் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் கிகோனில் 1–0 க்குப் பிறகு, இருவரும் அடுத்த சுற்றுக்குப் போக அந்த முடிவே போதும் என்று நின்று உலாத்திய பிறகுதான் குழுவின் கடைசி இரண்டு ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் வைக்கத் தொடங்கினார்கள். நாங்களும் அதையே செய்வம். அதற்கு இரண்டு மைதானம் பக்கத்தில் பக்கத்தில் வேணும். போன வருடம்போல ஒரு மைதான விசிலுக்கு மற்ற மைதானம் நிற்கக்கூடாது. ஒன்றுக்குப் பட்டாணி போட்ட விசில், மற்றதுக்குப் பட்டாணி இல்லாதது. இரண்டையும் யார் கொண்டு வருகிறீர்கள் என்று வெள்ளிக்கு முன் எழுதுங்கோ.